கடலில் விழுந்த ராக்கெட்டும் உன் கல்யாண ஓலையும்

அமலிக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். நலமெல்லாம் நலம்தான். ஆனால் எனக்குக் கோபம். வியாழக்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து கோபம். அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும், அதனால்தான் ஞாயிறு கழியட்டும் என்று பொறுத்தேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டு, "கொஞ்சம் தணிச்சி எழுதுமே, பொண்ணு அழுவப் போவுது" என்கிறார். அழட்டும். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படிக்கட்டும்.

"வேலையிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். அத்தை கேட்டபடி கல்யாணத்துக்கு முன்பே கொடுத்துவிடுகிறேன். நீ சரி என்று ஒரு வரி போடும்மா, போதும்" என்று எழுதியிருந்தாய். ஒரு வரிதானே கேட்டாய்? இந்தா. சரியில்லை, கொடுக்காதே. உனக்கு வேண்டிய பதில் அவ்வளவுதான். இனிமேல் எழுதப் போவதெல்லாம் எனக்கு வேண்டியது. உட்கார்ந்து படி. நின்றுகொண்டே அவசரமாகப் படிக்காதே, நீ அப்படிப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு உன் வருங்கால மாமியார் சொன்னது மட்டும்தான் தெரியும். நீ வேலை செய்யும் நிலையத்து ராக்கெட் இரண்டாம் தடவையும் கடலில் விழுந்த செய்தி பேப்பரில் வந்த மறுவாரம், சம்பந்தியம்மா ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தார். வாழைப்பழச் சீப்பும் மிக்சர் பொட்டலமும் கொண்டுவந்தார். காபி குடித்தார். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்றார். எனக்கு அப்போதே உறைத்தது, இந்த அம்மா காற்று வாங்க வரவில்லை என்று. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினார். "நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலீங்க. ஆனா பாருங்க, போன வருசம் ஒண்ணு வுழுந்துச்சி. இந்த வருசமும் வுழுந்துச்சி. பொண்ணு வேலைல போய்ச் சேந்த நேரமோ இன்னாவோன்னு ஜனங்க பேசுது. எங்க புள்ள தோல் கம்பெனில சம்பாரிக்கறது ரெண்டு பேருக்குத் தாராளமா போதும். அந்த வேலைய வுட்டுட்டு பொண்ணு வூட்ல இருக்கட்டும்."

நான் கேட்டேன், "ஏம்மா, ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்கு வர்றீங்க, முன்வரிசைல முட்டி போடறீங்க. நேரம் ராசின்னு இன்னாத்துக்குப் பேசறீங்க?" அந்த அம்மா அசரவில்லை. "அத்தெல்லாம் பேச்சுக்குச் சொல்றதுதான். ஊரு வாய மூடணுமில்ல? நீங்க தேரையே நிறுத்தினவங்க. உங்களுக்கு ஊரு பேச்சு பழக்கமாயிடுச்சி. எங்களுக்கு அப்டி இல்லீங்க" என்றார். உன் அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால்தான் எரிச்சல் வந்தது. பெண்ணுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்த அம்மா எனக்கு முந்திக்கொண்டு உனக்கே எழுதிவிட்டார். நீயும் பேனாவை எடுத்துவிட்டாய்.

தேரை நிறுத்தினவள் என்று எனக்குப் பெயர் வந்த கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். நீ அப்போது ஆலங்காயத்து ஹாஸ்டலில் இருந்தாய். முழுதாகத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். காவலூர் மலையில் செயற்கைக்கோள்களைப் படம் பிடிக்க ஒரு முகாம் போட்டார்கள். உன் அப்பா அங்கே ஜீப் ஓட்டப் போனார். முகாமுக்குப் பிலிம் கழுவ ஆள் தேவைப்பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் என் சின்ன மாமாவின் போட்டோ ஸ்டுடியோவில் நான் டெவலப்பர், ஹைப்போ என்று பிலிம் கழுவும் மருந்துகளில் கை நனைத்துப் பழகியவள். "எனக்குத் தெரியும்" என்று போய் நின்றேன். சேர்த்துக்கொண்டார்கள். மறுநாளே பேச்சு கிளம்பியது. "பொம்பளைக்கு இருட்டு ரூம்ல இன்னா வேலை?" என்று உன் பெரியப்பாவே கேட்டார். அந்தப் பேச்சுக்கெல்லாம் தான் அசரவில்லை என்று எழுதும்படி உன் அப்பா இப்போது சொல்கிறார். பொய். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார். முகத்தை ஒரு முழம் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். நான் கண்டுகொள்ளவில்லை. பசித்தபோது தானாகச் சாப்பிட்டார், முகமும் தானாக இறங்கியது. என் நகங்கள் மட்டும் அன்றிலிருந்து பழுப்பு. உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்துவிட்டு மருதாணியா என்று கேட்டார்கள். வேலை என்று சொன்னேன்.

நாங்கள் படம் பிடித்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பியவை. அதில் ஒரு வகை எனக்கு மிகவும் பிடிக்கும். சின்ன ராக்கெட்டில் ஏற்றி, பூமியை விட்டு ரொம்பத் தூரம் போகாமல் தாழ்வாகவே சுற்றவிடும் சின்னச் செயற்கைக்கோள்கள். நடுக்கடலில் போகும் கப்பல், அது அனுப்பும் ரேடியோ அலையைக் கொண்டு தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொள்ளும். முகாமின் பெரிய ஆபீசர் எனக்கு இதைச் சொன்னபோது நான் கேட்டேன், "அது கப்பலுக்கு வழி சொல்லுது சரிங்க, அது எங்க இருக்குதுன்னு அதுக்கு யாரு சொல்றது?" அவர் சிரித்துவிட்டு, "நம்மள மாதிரி நாலு எடத்துல உக்காந்து பாக்கறவங்கதான் சொல்லணும்" என்றார். பிலிமில் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக விழும். நகரும் செயற்கைக்கோள் கோடாக விழும். எந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் அந்தக் கோடு போகிறது என்று அளந்து அதன் இருப்பிடத்தைக் கணக்குப் போடுவார்கள். நான் பிலிமைக் கெடுத்தால் கணக்கு கெடும். இதைக் கேட்ட பிறகு என்னை யாராவது இருட்டறைக்காரி என்று சொன்னால் எனக்குக் கோபம்கூட வராது.

இந்தச் செயற்கைக்கோள்களைப் பொழுது சாய்ந்த நேரத்தில்தான் பிடிக்க முடியும். கீழே நமக்கு இருட்டியிருக்க வேண்டும், மேலே போகிறதன்மேல் மட்டும் வெயில் பட வேண்டும். அதற்கு மலையில் ஒரு விளக்கு எரியக்கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஜீப்புக்கு ஹெட்லைட் கிடையாது, உன் அப்பா வளைவுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். அப்படிப்பட்ட இடத்தில் அந்தோணியார் திருவிழா வந்தது. ஒடுகத்தூரிலிருந்து ஜெனரேட்டர், டியூப்லைட்டு, கோயில் முகப்பு முழுக்க சீரியல் செட்டு. தேர் கிளம்பும் நேரமும், புதிதாகப் போன ஒரு வழிகாட்டும் செயற்கைக்கோள் நம் மலையைக் கடக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. ஆபீசர்களுக்குக் கோயிலில் போய்ச் சொல்லத் தயக்கம். நான் போனேன். அப்போது இருந்த பங்குச் சாமியார் வயதானவர். "சாமி, லைட்டெல்லாம் அணைக்கணும். தேரைக் கொஞ்சம் பொறுத்துக் கெளப்பலாமா?" என்றேன். "எவ்ளோ நேரம்மா?" என்றார். "ஒரு செபமாலை சொல்ற நேரம் சாமி." அவர் அங்கியிலிருந்து செபமாலையை எடுத்தார். "அப்போ செபமாலையே சொல்லிடுவோம்" என்று ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்.

நினைத்துப் பார். அத்தனை ஜனமும் இருட்டில். தேர்மேல் அந்தோணியாரும் இருட்டில். செபமாலை ஒரு பக்கம், முணுமுணுப்பு ஒரு பக்கம். "இன்னா அநியாயம் இது, சாமிய இருட்ல நிக்க வெச்சிட்டாளே" என்று ஒரு அம்மா எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இந்த மாதிரிச் சின்னக் கோள் வெறும் கண்ணுக்கு அகப்படாது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? பேண்டு செட்டுக்காரன் ஒருவன், "ராக்கெட்டு எங்கமே?" என்று கத்தினான். சிரிப்பு அலையடித்தது. போதாத குறைக்கு மேகம் வேறு வந்து மூடிக்கொண்டது. அன்றைக்குப் பிலிமைக் கழுவினேன். ஒன்றுமில்லை, வெறும் புகைமூட்டம். தேரை நிறுத்தி, ஊரை இருட்டாக்கி, கெட்ட பெயர் வாங்கி, கைக்கு வந்தது வெறும் புகைமூட்டம். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "வுடு, அடுத்த தபா யாராச்சும் போய்ச் சொல்லட்டும், நீ போவாத" என்றார்.

அடுத்த வருஷத் திருவிழாவிலும் ஒரு செயற்கைக்கோள் தேர் கிளம்பும் நேரத்துக்கே வந்தது, அப்போதும் நான்தான் போனேன். திருவிழாக் கமிட்டித் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, "போன வருசம்தான் ஒண்ணும் வரலியேமா?" என்றார். "அதுக்காவத்தான் இந்த வருசமும் கேக்கறேன்" என்றேன். கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். கடைசியில் அணைத்தார்கள். ஜனங்கள் கண்ணுக்கு அந்த வருஷமும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிலிமில் விழுந்தது. மறுநாள் ஆபீசரிடம் கேட்டு ஒரு பிரிண்ட் போட்டு டீக்கடைக்கே கொண்டுபோய்க் கமிட்டிக்காரர்களிடம் காட்டினேன். தலைமயிர் கனத்தில் ஒரு கோடு. தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இதுக்காமா தேரு நின்னுச்சி?" என்றார். "இதுக்குத்தாங்க" என்றேன். அதற்குப் பிறகும் எனக்குத் தேரை நிறுத்தினவள் என்றுதான் பெயர். அந்தப் பெயரை நான் மாற்றிக்கொள்ள முயற்சி செய்யவே இல்லை. மாற்றிக்கொள்ள எனக்கு வெட்கம் இருந்தால்தானே?

நம் நாட்டு ராக்கெட் முதன்முதலில் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், விடுமுறைக்கு வந்திருந்தாய். அது மேலே போய்ச் சேர்ந்ததும் படம் பிடிக்க எங்கள் முகாமும் தயாராக இருந்தது. போய்ச் சேரவில்லை. கடலில் விழுந்தது. முகாமில் எழவு வீடு மாதிரி இருந்தது. ஆபீசர் ஒருவர் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நீ போய் அவரிடம், "அதுல எந்த எடம் சார் கெட்டுப்போச்சி?" என்று கேட்டாய். உன்னை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. அவர் கோபிக்கவில்லை. குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து உனக்கு விளக்கினார். வரைய வரைய அவர் முகம் தெளிந்தது, அதை நான் பார்த்தேன். மறுவருஷம் அது மேலே போனது. அந்தப் பிலிமைக் கழுவியதும் நான்தான். மங்கலாக ஒரு சின்னக் கோடு. கை முழுக்க ஹைப்போ, கண்ணைத் துடைக்கவும் முடியாமல் இருட்டில் நின்று அழுதேன். உனக்கு இதை இதுவரை சொன்னதில்லை. நான் அழுததை நீ பார்க்கக்கூடாது என்று ஒரு வீம்பு.

இப்போது உன்னுடைய ராக்கெட்டுக்கு வருகிறேன். உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "நான் வேலை செய்த பகுதி மேலே போய் மூடியைத் திறந்து செயற்கைக்கோளை வெளியேவிடும் பகுதி. அது திறக்கவேண்டிய உயரத்துக்கு ராக்கெட் போகவே இல்லை, அதற்கு முன்பே விழுந்துவிட்டது. இரண்டு தடவையும் அப்படித்தான்." அடி பைத்தியமே! அப்படியென்றால் உன் வேலை இன்னும் ஒரு தடவைகூட நடக்கவே இல்லை. நல்லதோ கெட்டதோ, அது திறக்குமா திறக்காதா என்று உனக்கும் தெரியாது, உலகத்துக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலேயே எப்படி உன்னால் சம்பந்தியம்மாவின் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க முடியும்? எனக்கு முடியாது. நான் பெற்ற பெண்ணுக்கும் முடியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். உனக்கு வேலை கிடைத்த அன்று என்னிடம் என்ன சொன்னாய்? "ம்மா, ஒரு நாளைக்கு நம்ம சின்ன ராக்கெட்லயும் வழி சொல்ற செயற்கைக்கோள் போவும். நம்ம நாட்டுக் கடற்கரைல கட்டுமரம் தள்ளிக்கினு போறவருக்கும் அது வழி சொல்லும்." உன் அப்பா அன்று நாலு வீட்டுக்கு லட்டு கொடுத்தார்.

ஊர் சிரிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கத்தான் செய்கிறது. போன வாரம் பஸ்ஸில் கண்டக்டர் எல்லோரும் கேட்க, "இன்னாக்கா, உம்பொண்ணு வுட்ட ராக்கெட்டு கடல்ல மீன் புடிக்கப் போச்சாமே?" என்றான். "உம் பஸ்ஸு என்னிக்குடா நேரத்துக்கு மலையேறிச்சி? அதுக்காவ நீ வேலைய வுட்டுட்டியா?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது, அவனும் சிரித்தான், எனக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தான். சிரிக்கிறவர்கள் அவ்வளவுதான், அமலி. அவர்களுக்கு அந்த நேரத்துக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும். அவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள், வேலையை விட்டவள்தான் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் மாப்பிள்ளை அருள் கெட்ட பையன் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். உன்னைப் பார்க்க வந்த அன்று தோல் கம்பெனி நாற்றம் சட்டையில் போகாது என்று தானே சொல்லிச் சிரித்தான். எனக்குப் பிடித்தது. நீயும் அவனைப் பிடித்துத்தான் ஒப்புக்கொண்டாய். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். அந்த நாற்றத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசினோமா? வேலையை விட்டுவிட்டு வா என்று நிபந்தனை போட்டோமா? அவன் வேலை வேலையாம், உன் வேலை ராசியாம்.

சரி, இனி நேற்று நடந்தது. இதைப் படிக்குமுன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்.

நேற்று கோயிலில் உன் கல்யாணத்தை அறிவித்து, மூன்று ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். நம் மலைக்கோயிலில் பூசை இல்லாத ஞாயிறு, அதனால் நானும் உன் அப்பாவும் ஆலங்காயத்துக்கே போனோம். சம்பந்தியம்மா வழக்கமான முன்வரிசையில். அருள் ஆண்கள் பக்கம் தூணோரம். பூசை முடியும் தறுவாயில் சாமியார் வாசித்தார். இன்னார் மகன் அருளுக்கும் இன்னார் மகள் அமலிக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இவர்களுக்குள் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. பிறந்ததிலிருந்து எத்தனையோ கல்யாணத்துக்கு இதைக் கேட்டிருக்கிறேன். யாரும் எதையும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. வாசிப்பார்கள், எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். நேற்று அந்தக் கடமை என்கிற வார்த்தை எனக்கென்றே சொன்னது போல இருந்தது. ஜனம் கலையுமுன் கோயில் முற்றத்தில் சாமியார் முன்னால் போய் நின்றேன். "சாமி, தடை இருக்குதுங்க."

அவர் சின்ன வயதுக்காரர். விளையாட்டு என்று நினைத்தார். "இன்னாம்மா, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்களே தடையா?" என்றார். "ஆமாங்க சாமி. முழுமனசோட, யாரும் கட்டாயப்படுத்தாம வந்திருக்கியான்னு பீடத்துக்கு முன்னால எம்பொண்ணக் கேப்பீங்க இல்ல? கட்டாயப்படுத்தியிருக்காங்க. வேலைய வுட்டாத்தான் கல்யாணம்னு சொல்லியிருக்காங்க. அவ பொய் சொல்லிட்டு நிக்கக்கூடாது." சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சம்பந்தியம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு, "அய்யோ, மானம் போச்சே!" என்று தலையில் கைவைத்தார். சாமியார் சட்டென்று எல்லோரையும் கலையச் சொல்லி, எங்களை மட்டும் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அருளும் பின்னாலேயே வந்தான்.

சாமியார் அவனைத்தான் முதலில் கேட்டார். "பொண்ணு வேலைய வுடணும்னு நீ கேட்டியா?" "இல்ல சாமி. நான் கேக்கல." "உங்கம்மா கேட்டது தெரியுமா?" "தெரியும் சாமி." "வேணாம்னு சொன்னியா?" அருள் தன் அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "இல்ல" என்றான். சம்பந்தியம்மா இடையில் புகுந்து, "எல்லாம் அவன் நல்லதுக்குத்தான் சாமி, ஊரு இன்னா பேசுதுன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார். நான் சொன்னேன், "ஊரு பேசும். இன்னொண்ணு வுழுந்தா இன்னும் பேசும். அதுக்காவ எம்பொண்ணு வேலைய வுடமாட்டா. அவ வுடறேன்னாலும் நான் சரின்னு சொல்லமாட்டேன்." சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பெண் தானே வந்து தன்னிடம் நேரில் சொல்கிறவரை இரண்டாம் ஓலை வாசிப்பதில்லை என்று முடித்துவிட்டார். சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா வா, பஸ்ஸு போய்டும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் முகாமில் சேர்ந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மனுஷன், நேற்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கையை விடவில்லை.

பஸ் கிளம்பும் நேரத்தில் அருள் ஓடிவந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நான் அன்னிக்கே பேசியிருக்கணும். அமலிக்கு ஒரு லெட்டர் போடட்டுமா?" என்றான். "அது எங்கிட்ட கேக்கற கேள்வியாப்பா?" என்றேன். "இல்லீங்க அத்தை" என்றான். பஸ் கிளம்பிவிட்டது. அவன் எழுதுவானோ மாட்டானோ எனக்குத் தெரியாது. எழுதினால் தன் அம்மாவுக்குப் பயந்து எழுதுகிறானா, உனக்காக எழுதுகிறானா என்று நீதான் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்காக நீ என்மேல் கோபப்படுவாய். படு. ஊரறிய என் கல்யாணத்தை நிறுத்திவிட்டாயே என்று கேட்பாய். நிறுத்தவில்லை, உன் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அவனும் வேண்டும் வேலையும் வேண்டும் என்றால் அப்படியே சாமியாரிடம் சொல். வேலை மட்டும் போதும் என்றால் அதைச் சொல், நிச்சயதார்த்தப் புடவையை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன், எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. வேலை உனக்கே அலுத்துவிட்டது, பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல், நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் விழுந்தது என்பதற்காக, நாலு பேர் சிரித்தார்கள் என்பதற்காக, ஒரு அம்மா வாழைப்பழம் கொண்டுவந்து கேட்டார் என்பதற்காக நீ விலகினால், இந்த வீட்டுக்கு வா, சுடச்சுடச் சோறு போடுவேன், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன், ஒரு வார்த்தை குத்திப் பேசமாட்டேன். சரி என்று மட்டும் என் வாயிலிருந்து வராது. செத்தாலும் வராது.

உன் அப்பா கடலையை முடித்துவிட்டார். தானும் இதில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார். போடட்டும்.

லீவு கிடைத்ததும் கிளம்பி வந்து சாமியாரைப் பார். அதற்கு முன்னால் அடுத்த ராக்கெட் எப்போது என்று எழுது. போனாலும் எழுது. விழுந்தாலும் எழுது.

அம்மா